வாயிலில் நின்றவர்

பிள்ளைகளைப் படிப்புக்காக வெளியூர் அனுப்பும் குடும்பங்களில் இரண்டு அறிவுரைகள் தவறாமல் வழங்கப்படுகின்றன. பெட்டி கட்டி முடித்து, ஊறுகாய்ப் புட்டிக்குத் துணி சுற்றி வைத்த பிறகு, "போகிற ஊரோடு ஒத்துப் போ" என்பார் தந்தை. "நம்மை மறந்துவிடாதே" என்பார் தாய். இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் ஒரே பிள்ளை கடைப்பிடித்தல் இயலுமா என்று எவரும் கேட்பதில்லை. கேட்பதற்குள் வண்டி வந்துவிடுகிறது.

ஊர் பெயர்ந்து வாழும் நம்மவர் குடும்பங்களில் இக்கேள்வி இருமடங்கு கூர்மை உடையது. பெற்றோர் ஒருமுறை பெயர்ந்து வந்தவர்கள். பிள்ளை மறுமுறை பெயர்கிறது. சென்ற ஆண்டு எம் பேத்தி கடல் கடந்து ஒரு நகரில் கல்லூரி சேர்ந்தாள். சேர்ந்த நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தாள். உடன் தங்கும் பெண்களுக்கு அவள் பெயர் வாயில் நுழையவில்லையாம். ஆகவே பெயரின் முன்பாதியை மட்டும் சொல்லி வைத்திருக்கிறாளாம். "அது தப்பா தாத்தா?" என்று கேட்டாள். "பெயரில் பாதி போனால் என்ன, பெட்டியில் பாதி போகாமல் பார்த்துக்கொள்" என்று சிரித்து மழுப்பினோம். அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

புதிய ஊரில் முதல் வாரத்தில் மாணவர் சொல்லும் சிறு பொய்கள் குற்றமா? அல்லது நாணத்தால் எழும் வெறும் தடுமாற்றமா? ஒத்துப்போதல் எங்கே முடிகிறது, மறைத்தல் எங்கே தொடங்குகிறது? இதனைச் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அதற்குக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத்திலேயே ஒருவன் அயலான் ஆகிவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது நாம் பிறந்த இடம்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவில் நோக்கி வரும் சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து வரும். பாறசாலையைத் தாண்டிச் சிறிது தொலைவில் களியக்காவிளை. பாறசாலை கேரளம், களியக்காவிளை தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நேசமணி முதலியோர் முன்னின்று நடத்திய போராட்டத்தில் கேட்கப்பட்ட பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்த வழக்கை மீண்டும் எடுத்து நடத்துவது நம் நோக்கமன்று. கோடு விழுந்த பின்னும் பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலத்திலும் பெண் எடுத்த வீடு மறு மாநிலத்திலுமாக மக்கள் வாழ்ந்தே வந்தனர். சந்தைக்குச் செல்பவன் மாநிலம் மாறுவதை நினைத்துக்கொண்டு நடப்பதில்லை.

மாணவன் மட்டும் நினைத்தாக வேண்டியிருந்தது. 1937-இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் நிழலில் இருந்த நாகர்கோவில், 1956-க்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வந்தது. அடுத்து மதுரைப் பல்கலைக்கழகம். 1990-க்குப் பின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். மாணவன் இருந்த இடத்திலேயே இருந்தான். அயலூர் அவனைத் தேடி வந்தது.

பேச்சோ இதனினும் வேடிக்கை. எல்லைப்புறத் தமிழில் பலாவின் பெயர் சக்கை, குடிநீர் வெள்ளம், மரவள்ளிக் கிழங்கு மரச்சீனி. விளவங்கோட்டு இளைஞன் சென்னை விடுதியொன்றில் உணவுக்கு அமர்ந்து "கொஞ்சம் வெள்ளம் வேண்டும்" என்றால் பந்தி முழுதும் சிரிக்கும். சக்கை தின்று வளர்ந்தேன் என்றால் இரங்கும். அவனே வடக்கே திருவனந்தபுரம் சென்றால் அவனது மலையாளத்தில் ஒட்டியிருக்கும் தமிழை அங்குள்ளோர் இரண்டு சொற்களில் கண்டுகொள்வர்; அவனுக்குப் 'பாண்டி' என்று பெயர் விழும். சென்னையில் மலையாளத்தான், திருவனந்தபுரத்தில் பாண்டி! இவ்வாறு இரு பக்கமும் அயலான் ஆனவனுக்கு மறைக்கும் கலை விரைவில் கைவருவதில் வியப்பென்ன?

மறைதல் அனைத்தும் இழிவு என்று நாம் சொல்ல வரவில்லை. நெய்யாற்றின்கரைக் கிருட்டிணன் கோயிலுக்குச் சென்றவர்கள் அம்மச்சிப் பிலாவின் கதையைக் கேட்டிருப்பார்கள். பகைவர் துரத்திவர, இளவரசர் மார்த்தாண்ட வர்மா அப்பலா மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது செவிவழிச் செய்தி. பின்னாளில் அரசரானதும் அவ்விடத்தில் கோயில் எடுத்தார் என்பர். ஒளிந்ததற்காக அவரை எவரும் பழித்ததில்லை. ஒளித்து வைத்த மரத்தையும் மக்கள் போற்றினர். வாளோடு வருபவனிடம் முகவரி சொல்ல வேண்டும் என்று எந்த அறநூலும் விதிக்கவில்லை. விடுதி அறையில் நம்மைப் பார்த்து "எந்த ஊர்?" என்று கேட்கும் பையன் கையில் வாள் இல்லை. அவன் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு சீப்பு.

முதல் வாரத்துப் பொய்யைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் மிக நேர்மையான சாட்சியம் காந்தியடிகளுடையது. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறியபோது அவருக்கு வயது பத்தொன்பது கூட நிறையவில்லை. இங்கிலாந்தில் வெள்ளைக் கம்பளி உடையில் இறங்கி, அங்கே வெள்ளை உடுத்தவர் தாம் ஒருவரே என்று கண்டு கூசினார். பின்னர் பத்தொன்பது ஷில்லிங்கில் உயரத் தொப்பி, பாண்டுத் தெருவில் தைத்த மாலையுடை, நடன வகுப்பு, பிடில் வகுப்பு, பேச்சுப் பயிற்சி. ஏறத்தாழ மூன்று மாதத்தில் இவற்றைத் தாமே கைவிட்டார். இவற்றை எண்ணிச் சிரிக்கலாம், சினக்க ஒன்றுமில்லை. தொப்பி வாங்கியதால் கெட்டது தமையனார் அனுப்பிய பணம் மட்டுமே.

அதே நாட்களில் அவர் செய்த இரு செயல்களை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். புலால் உண்ணேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கை அவர் மறைக்கவில்லை. பெரிய உணவுவிடுதி ஒன்றில், பரிமாறுபவனை அழைத்து இந்தச் சாற்றில் இறைச்சி உண்டா என்று கேட்டு, அழைத்துச் சென்ற நண்பரின் கோபத்துக்கு ஆளாகி, வெளியே எழுந்து செல்லவும் அணியமாக இருந்தார். அவ்வளவு துணிவு உடைய அதே இளைஞர், தமக்கு மணமாகிவிட்டது என்பதை மட்டும் மறைத்தார். ஊரில் மனைவி இருந்தார், கைக்குழந்தையும் இருந்தது. அந்நாளில் இங்கிலாந்து சென்ற இந்திய மாணவர் பலரும் மணமாகாதவர் போலவே நடந்துகொண்டனராம். பள்ளிப் பருவத்திலேயே மணமுடித்ததைச் சொல்ல நாணம் ஒரு காரணம். சொன்னால் தங்கியிருக்கும் வீட்டு இளம்பெண்களோடு உலவிப் பேச இயலாது என்பது மறு காரணம். பிரைட்டனில் பிரெஞ்சு மொழி உணவுப்பட்டியலைப் படிக்கத் தெரியாமல் விழித்தபோது உதவிய ஒரு மூதாட்டி, இலண்டனில் ஞாயிறுதோறும் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்தார். ஒரு பெண்ணோடு பழகவும் வாய்ப்பு ஏற்படுத்தினார். காரியம் எங்கே போகிறது என்று உணர்ந்த பிறகே அவர் உண்மையை எழுதி மன்னிப்புக் கோரினார். மூதாட்டி சிரித்துவிட்டார், அடுத்த ஞாயிற்றுக்கும் அழைத்தார். அந்தப் பகுதியை அவர் 'சத்திய சோதனை'யில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஒரே மனிதரிடம் ஒரு பக்கம் இத்துணை உறுதியும் மறுபக்கம் இத்துணைத் தளர்வும் ஏன்? நாம் பலகாலம் எண்ணிப் பார்த்ததில் தோன்றுவது இது. உணவு பற்றிய உண்மைக்கு அவர் கொடுத்த விலை அவருடையதே. இகழ்ந்தால் இகழட்டும், இகழப்படுபவர் அவரே. மணத்தை மறைத்தபோதோ, இராசுகோட்டில் இருந்த ஒரு பெண் இல்லாதவளாக ஆக்கப்பட்டாள். அது அவளுக்குத் தெரியவும் தெரியாது. தன்னை மறைப்பவன் தன் பொருளைச் செலவழிக்கிறான். தன்னவரை மறைப்பவன் கைதொட்டது பிறர் பொருள்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், அயல்மொழி பேசுவதையும் அயலுடை அணிவதையும் துரோகம் என்று கொதிப்பவர்களோடு நாம் உடன்பட இயலாது. நம் சங்க மேடைகளில் இக்கொதிப்பு அடிக்கடி எழுகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை யார்? 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் படித்து அங்கேயே மெய்யியல் கற்பித்தவர். வகுப்பில் ஆங்கிலம், வீதியில் மலையாளம். இவற்றின் நடுவே 1891-இல் அந்நாடகம் வெளிவந்தது. அதன் வாழ்த்துப் பகுதியே 1970-இல் தமிழ்நாட்டு அரசின் தமிழ்த்தாய் வாழ்த்து ஆயிற்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பள்ளியில் பயின்றது மலையாளம். தமிழைத் தம்பிரான் ஒருவரிடம் தனியே கற்றார். அயல்மொழி அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. ஒருவர் வீட்டு முற்றத்தில் நின்று அவர் மொழியில் பேசுவது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவது போன்ற மரியாதை.

கலைமகளே அவ்வாறுதான் செல்கிறாள். ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்வது பழைய வழக்கம். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது மரபுச் செய்தி. வழியில் களியக்காவிளையில் இரு மாநிலத்து அலுவலரும் காவலரும் நின்று, ஒருவர் விடைகொடுக்க மற்றவர் வரவேற்பர். நெய்யாற்றின்கரையில் தங்கல். விழா முடிந்ததும் வந்த வழியே திரும்பல். சிறுவயதில் சாலையோரம் நின்று அதைப் பார்த்திருக்கிறோம். கல்விக்கு உரியவள் தன் ஊரார் சூழ, தன் பெயரோடு, வெளிப்படையாக எல்லை கடந்தாள். நாம் அப்படிக் கடக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இக்கட்டுரையில் 'நாம்' என்பது சில இடங்களில் ஒருவரையே குறிக்கும். பன்மைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் வசதி கட்டுரையாளருக்கு மரபாகவே வாய்த்திருக்கிறது. இனிச் சொல்லப்போவதற்கு அந்த வசதி மிகவும் தேவைப்படுகிறது.

1972-இல், மழைக்காலத் தொடக்கத்தில், பாறசாலைக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து தலைநகரத்துக் கல்லூரி ஒன்றில் புகுமுக வகுப்பில் சேர்ந்தோம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். எம் தந்தையார் பனையேறிகளிடம் கருப்பட்டி வாங்கிக் களியக்காவிளையிலும் நெய்யாற்றின்கரையிலும் விற்று வந்தார். விடுதியில் மூன்றாம் நாள், மூத்த மாணவர் ஒருவர் எம் பேச்சைக் கேட்டுத் தலை சாய்த்து, "பாண்டியா?" என்றார். "இல்லை, நெய்யாற்றின்கரை" என்றோம். கவனியுங்கள், அது பொய்யன்று. எங்கள் வட்டம் அதுவே. முதல் விடை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பொய்யாக இராது, பொய்க்கு இடம் ஒதுக்கி வைக்கும்.

இரண்டாம் ஞாயிறு காலையில் தந்தையார் வந்தார். அந்நாளில் எங்கள் பக்கத்துக்கு இரயில் இல்லை; 1979-இல்தான் வந்தது. பேருந்தில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும். காலில் செருப்பில்லை. வேட்டியில் கருப்பட்டிக் கறை. கையில் ஓர் ஓலைப்பெட்டி. விடுதி வாயிலில் நின்று, அறைத் தோழர் இருவரோடு படியிறங்கி வந்துகொண்டிருந்த எம்மைக் கண்டு, "மக்களே" என்று அழைத்தார். எங்கள் ஊரில் பெற்றவர் பிள்ளையை அழைக்கும் சொல் அது.

"யார் அது?" என்று ஒரு தோழன் மலையாளத்தில் கேட்டான்.

"ஊரில் தெரிந்த ஒருவர். கருப்பட்டி விற்கிறவர்" என்றோம், அதே மொழியில்.

இதிலும் பாதி உண்மை. எல்லைப்புறத்தில் பிறந்து சந்தையில் வளர்ந்தவருக்கு மலையாளம் விளங்காது என்று கருத வழியே இல்லை. சில நொடி நின்றார். பிறகு எம்மருகே வந்து, தெளிந்த மலையாளத்தில், "இதை வீட்டிலிருந்து கொடுத்து அனுப்பினார்கள்" என்று சொல்லிப் பெட்டியைத் தந்தார். தோழர்களைப் பார்த்து நன்றாகப் படியுங்கள் என்றார். சென்றுவிட்டார். எம் வாழ்நாளில் அவர் எம்மிடம் மலையாளம் பேசியது அந்த ஒருமுறைதான். பெட்டியில் கருப்பட்டியும் ஏத்தங்காய் வற்றலும் இருந்தன. தோழர்கள் பங்கிட்டு உண்டு, அந்தக் கருப்பட்டிக்காரர் நல்ல மனிதர் என்றார்கள்.

அதன் பின் ஐந்தாண்டுக் காலம் அவர் விடுதிக்கு வரவில்லை. மாதம் ஒருமுறை அஞ்சலட்டை வரும்: ஞாயிறு பத்து மணிக்குத் தம்பானூர்ப் பேருந்து நிலையம். அங்கே தூணோரம் நிற்பார். "மக்களே" என்பார். படிப்பு, உடம்பு, பணம் எல்லாம் கேட்பார். விடுதி எப்படியிருக்கிறது என்று மட்டும் கேட்டதில்லை. நாமும் "அங்கே வாருங்கள்" என்று ஒருநாளும் அழைக்கவில்லை. வாயிலில் சொன்ன பொய்யை அச்சத்தின் மேல் போடலாம். பதினைந்து வயது, புதிய ஊர். ஆனால் அஞ்சலட்டைகள் வரத் தொடங்கியபோது எம்முள் எழுந்தது வருத்தமன்று, நிம்மதி. அதை எதன் மேல் போடுவது?

மற்றொன்றும் சொல்லிவிடுகிறோம். அன்று "யார் அது?" என்று கேட்ட தோழனின் தந்தை கடற்கரையில் வலை இழுப்பவர் என்பதும், அவரை அவன் எங்களிடம் 'மீன் வணிகர்' ஆக்கியிருந்தான் என்பதும் இரண்டாம் ஆண்டில் தெரியவந்தன. எவரிடம் எதை மறைத்தோமோ அவர்கள் அதைக் கேட்டு இகழ்ந்திருப்பார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பிரைட்டன் மூதாட்டி சிரிக்கத்தானே செய்தார்? புதியவன் தன் விருந்தோம்புநரை எப்போதும் உள்ளதைவிடக் கொடியவராகவே எண்ணிக்கொள்கிறான். அதுவும் அவருக்கு அவன் செய்யும் ஓர் அநீதி.

வாய்மையைப் பற்றி வகுத்துச் சொன்ன வள்ளுவர், மாசற்ற நன்மை விளையுமானால் பொய்ம்மைக்கும் வாய்மையின் பக்கத்தில் இடம் தருகிறார். இளமையில் இந்த இடத்தை நமக்கான சலுகையாகப் படித்தோம். பொய் சொன்னோம், எவருக்கும் தீங்கு இல்லை, விடுதியில் அமைதியாகப் படித்துத் தேறினோம், நன்மைதானே? இப்போது படிக்கும்போது அந்த வாயில் மீண்டும் கண்முன் வருகிறது. அன்று அங்கே பொய் சொன்னவர் இருவர். நாம் ஒருவரை இல்லாதவர் ஆக்கினோம். அவரோ, மகன் அவமானப்படாதிருக்கத் தம்மையே இல்லாதவர் ஆக்கிக்கொண்டார். இரண்டும் ஒரே பொய். சொற்கள் கூட ஏறத்தாழ ஒன்றே. வள்ளுவர் திறந்து வைத்த அந்தச் சிறு கதவு வழியே அவர் நிமிர்ந்து செல்லலாம். நாம் செல்ல இயலாது.

பேத்தியை மறுநாள் அழைத்து, பெயரைச் சுருக்குவதில் தவறொன்றும் இல்லை என்றோம். அது அவள் பெயர். அவள் விரும்பியவாறு செலவிடலாம். அந்தப் பெண்கள் முழுப்பெயரையும் கேட்டால் பொறுமையாகச் சொல்லிக்கொடு என்றும் சொன்னோம். அவள் தந்தை சென்று பார்க்கும்போது எவ்வாறு அறிமுகம் செய்வாள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டோம். கேட்டால் வேறொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வேறொன்றை உரியவரிடம் ஒருமுறை சொன்னோம். 1998-இல், தந்தையாரின் கடைசி ஆண்டில். திண்ணையில் சாய்ந்திருந்தார். கண் மங்கியிருந்தது, நினைவு மங்கவில்லை. விடுதி, வாயில், ஓலைப்பெட்டி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிமுடித்தோம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணைக்கு பஸ்சுக்கு நேரமாயிப் போச்சு மக்களே, அதான் சட்டுன்னு போனேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் கருப்பட்டி நல்லா இருந்ததா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தத் தடத்தில் பேருந்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. நன்றாக இருந்தது என்றோம்.